சூட்டில் இழுக்காத ஸ்டார்ட்டர்

ஜூலை 7, திங்கள்

அந்தப் பெண் இன்று ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு பை நிறையப் பழம். லிப்டிலிருந்து காலை வெளியே வைப்பதற்குள் மறித்து நின்றேன். என் தம்பியின் வலது கால் இரண்டு இடத்தில் நொறுங்கிக் கிடக்கிறது, முழங்காலுக்குக் கீழே கம்பி கோத்து வைத்திருக்கிறார்கள், அதை வேடிக்கை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாயா என்று கேட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அவள் பையை நாற்காலியில் வைத்துவிட்டு அதே லிப்டில் இறங்கிப் போய்விட்டாள். பழத்தை நர்ஸுகளிடம் கொடுத்துவிட்டேன்.

பெயர் நிலோஃபர். இருபத்து மூன்று வயது. குனியமுத்தூர்க்காரி. இந்த சீசனில்தான் கார்ப் பந்தயத்தில் எங்கள் பிரிவில் ஓட்ட வந்தாள்.

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன், புகார் கொடுக்க உதவும். நேற்று மூன்றாவது சுற்றுப் போட்டி. தம்பி தரணி ஐந்தாவது இடத்தில் ஓடிக்கொண்டிருந்தான். ஏழாவது லேப்பில், மேடு ஏறி இறங்கியதும் வரும் வளைவில் கார் சுழன்று, வந்த வழியைப் பார்த்தபடி பாதையில் சாய்வாக நின்றுவிட்டது. எஞ்சின் அணைந்துவிட்டது. ஒட்டி வந்த கார்களெல்லாம் விலகிப் போயின. இருபது செகண்டு கழித்துக் கடைசியாக மேடேறி வந்த நிலோஃபர் மட்டும் நேராக வந்து டிரைவர் பக்கக் கதவில் இடித்தாள். முன்னால் ஆபத்து என்று மஞ்சள் கொடி காட்டியும் வேகத்தைக் குறைக்கவில்லை என்று கொடி காட்டுபவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

கணபதியில் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறோம். நான் எஞ்சின் கட்டுவேன், தரணி ஓட்டுவான். எட்டு வருடமாக இதுதான் ஏற்பாடு. எட்டு வருடத்தில் அவனுக்கு ஒரு நகம் பெயர்ந்ததில்லை.

ஜூலை 8, செவ்வாய்

புகாரை மூன்று தடவை கிழித்துப் போட்டு நான்காவது தடவை முடித்தேன். "காரில் எந்தக் குறையும் இல்லை. ஓட்டுநர் எஞ்சினை மறுபடி கிளப்பி நகர ஆரம்பித்தபோது இடிக்கப்பட்டார். வசுமதி, எஞ்சின் பொறுப்பாளர்." பந்தயம் நடத்தும் கிளப்பின் செயலாளர் வாங்கிப் படித்துவிட்டு, காருக்குள் இருந்த கேமராவின் பதிவு வேண்டும் என்றார். இடியில் கேமரா நசுங்கிவிட்டது என்று அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கேமரா நசுங்கியது உண்மை.

ஓட்டுநர்களின் வாட்ஸப் குரூப்பில் நூற்று நாற்பது பேர் இருக்கிறார்கள். அதில் எழுதினேன்: "கொடி பார்க்கத் தெரியாதவளுக்கெல்லாம் லைசென்ஸ் கொடுத்தால் ஆள் சாகத்தான் செய்வான்." மளமளவென்று ஆதரவு வந்தது. மனது கொஞ்சம் ஆறியது.

அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது. நாளை வாங்க வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

நிலோஃபருக்கு சீசன் முடியும்வரை தடை. போதாது.

ஜூலை 13, ஞாயிறு

தரணியை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். கூடத்திலேயே கட்டில் போட்டாயிற்று. தலையிலும் அடி என்பதால் கார் சுழன்றதுவரைதான் அவனுக்கு ஞாபகம். அதற்குப் பிறகு ஆம்புலன்ஸ்.

மத்தியானம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது கேட்டான்.

"எனக்கு இருபது செகண்டு இருந்திருக்குதுக்கா. ஏன் நகத்தாம உக்காந்திருந்தேன்?"

அடிபட்ட மனுஷன் இதையெல்லாம் யோசிக்கக் கூடாது என்றேன்.

"பதட்டத்துல கிளட்ச மிதிக்க மறந்துட்டனா?"

இருக்கலாம் என்றேன்.

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பிசியோதெரபிக்காரர் பத்து மணிக்கு வருகிறேன் என்றவர் பன்னிரண்டரைக்கு வந்தார். வாசலிலேயே நிறுத்திப் பிடிபிடி என்று பிடித்தேன். அம்மா உள்ளேயிருந்து வந்து, அந்த மனுஷனை ஏன் இப்படிப் பேசுகிறாய் என்று என்னைத் திட்டினாள். துணியை ஊறப்போட்டுவிட்டு ஒர்க்ஷாப்புக்குப் போய்விட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

காருக்குக் கதவும் பக்கத் தகடும்தான் போயிருக்கின்றன. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகஸ்ட் 17 நான்காவது சுற்று. ஈரோட்டிலிருந்து ஓர் ஓட்டுநரைப் பேசிவிட்டேன். அதற்குள் ஸ்டார்ட்டரை மாற்றிவிட வேண்டும்.

பனிக்காலத்தில் எஞ்சினின் கம்ப்ரஷனை, உள்ளே காற்றை அழுத்தும் அளவை, ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டுக்கு ஏற்றினேன். அப்படிப்பட்ட எஞ்சினை முதல் சுற்று சுழற்றி உயிர் கொடுப்பதற்குப் பலம் அதிகம் வேண்டும். கம்பெனி போட்டுக் கொடுத்த ஸ்டார்ட்டர் சாதாரண எஞ்சினுக்கு ஆனது. போதாக்குறைக்கு எக்ஸாஸ்ட் பைப்பு அதன் பக்கத்திலேயே போகிறது. நன்றாகச் சூடேறினால் சாவியைத் திருப்பும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும், எஞ்சின் சுற்றாது. வரக்கூடும். எல்லாக் காரிலும் உள்ளதுதான்.

சத்தி ரோட்டில் ஸ்டார்ட்டர், டைனமோ வேலை பார்க்கும் சபாபதியிடம் போனேன். என்னைவிட இரண்டு வயது சின்னவன், கை சுத்தம். என்ன வேண்டும் என்று சொன்னதும் நிமிர்ந்து பார்த்தான்.

"சூட்டுல இழுக்காமப் போச்சுங்களாக்கா?"

யார் சொன்னது என்று சத்தம் போட்டுவிட்டேன். கடையில் நின்ற ஆட்டோக்காரர் நகர்ந்துகொண்டார். சபாபதி பதறவில்லை. எந்த ஸ்டார்ட்டர் போட்டாலும் முதலில் பேட்டரியிலிருந்து அதற்கு வோல்டேஜ் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றான். வயரிங் நான் செய்தது, அதைப் பார்க்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பதினைந்து வருடமாக எஞ்சின் கட்டுகிறவளிடம் மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்கிறான்.

ஜூலை 18, வெள்ளி

ஆன்லைனில் வரவழைத்த ஸ்டார்ட்டர் வந்தது. பெட்டியில் தீ எரிவதுபோலப் படம். அதிக முறுக்குவிசை, பந்தயக் கார்களுக்கென்றே தயாரித்தது என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. எனக்கு எடையிலேயே சந்தேகம் வந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் நம் பழைய ஸ்டார்ட்டரின் உள்ளே இருப்பதே இதற்குள்ளும் இருக்கிறது. மேலே சிவப்புப் பெயிண்ட். அவ்வளவுதான்.

விற்றவனைக் கூப்பிட்டேன். பிரித்துவிட்டீர்களே, இனி வாரண்டி கிடையாதே என்றான். பிரிக்காமல் எப்படியடா தெரியும் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டான். அந்தச் சனியனைத் எடைக்குப் போடும் பழைய இரும்போடு வீசினேன்.

மாலையில் டீச்சரம்மா ஒருவரின் காருக்கு கிளட்ச் மாற்றிக் கொடுத்தேன். எல்லோரும் வேலையை ஒழுங்காகச் செய்தால் நாட்டில் பாதிச் சண்டை இருக்காது.

ஜூலை 22, செவ்வாய்

இறக்குமதிச் சரக்கு விற்கும் ராம் நகர் கடைக்காரர் மூலமாக வந்த இரண்டாவது ஸ்டார்ட்டர். பார்க்க நகைபோல இருக்கிறது. பிடிப்புத் தட்டை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பி வைத்துக்கொள்ளலாம், அதனால் எக்ஸாஸ்டிலிருந்து தள்ளி வைக்கலாம். ஆனால் முன்னால் வந்து எஞ்சினின் ப்ளைவீல் சக்கரத்தைக் கவ்விச் சுழற்றும் அந்தச் சின்னப் பல்சக்கரம் இருக்கிறதே, அதன் பல் வேறு அளவு. கவ்வினால் நான்கு நாளில் ப்ளைவீலின் பற்களை மென்று தின்றுவிடும்.

இந்த எஞ்சினுக்குப் பல் சேருமா என்று அந்த ஆளிடம் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும், எல்லாம் சேரும், நீங்கள் கவலைப்படாமல் போங்கள் என்றார். ஓர் ஆள் மூன்று தடவை வந்து கேட்கிறாள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று தோன்ற வேண்டாமா? தொழில் தெரிந்த திமிர். கேட்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்ற நினைப்பு.

இன்றைக்கு இதற்கு மேல் எழுதப் பிடிக்கவில்லை.

ஜூலை 25, வெள்ளி

சபாபதி கூப்பிட்டான். நம் காரின் கம்பெனியே பெரிய எஞ்சினுக்குப் போடும் ஸ்டார்ட்டர் ஒன்று கிடைத்திருக்கிறதாம். அன்றைக்கு நான் கத்தியதைப் பற்றி அவன் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நல்ல சரக்கு. பழையதில் மோட்டார் நேரடியாக எஞ்சினைச் சுழற்றும். இதில் மோட்டார் சின்னது, ஆனால் படுவேகமாகச் சுற்றும். நடுவில் இருக்கும் பல்சக்கரங்கள் அந்த வேகத்தைக் குறைத்துப் பலமாக மாற்றிக் கொடுக்கும். எடை ஒன்றரைக் கிலோ குறைவு. உடம்பு சிறுத்திருப்பதால் எக்ஸாஸ்டுக்கும் இதற்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி கிடைக்கிறது. போல்ட் துளைகள் அப்படியே உட்காருகின்றன, பல்லும் ஒன்றுதான். புது கார்பன், புது பேரிங் போட்டு, பெஞ்சில் பிடித்து ஓட்டிக் காட்டினான். பார்த்ததும் இதுதான் என்று முடிவுசெய்தேன்.

மத்தியானமே மாட்டிவிட்டேன். சாவியைத் தொட்டதும் எஞ்சின் துள்ளி எழுந்தது. ரொம்ப நாள் கழித்து இன்றைக்குத்தான் பசித்துச் சாப்பிட்டேன்.

ஜூலை 26, சனி

எஞ்சினை நன்றாகச் சூடேற்றி அணைத்து, பானெட்டை மூடிப் பத்து நிமிடம் அப்படியே விட்டேன். போட்டியில் வரும் சூடு அதுதான். சாவியைத் திருப்பினேன்.

டிக்.

மறுபடி திருப்பினேன். டிக். பதினான்கு தடவை திருப்பினேன். புது ஸ்டார்ட்டர், அதே சத்தம்.

சபாபதியை வரச்சொல்லி, உதவாக்கரைச் சரக்கை என் தலையில் கட்டிவிட்டாய் என்று ரோட்டில் போகிறவர்கள் காதில் விழும்படி கத்தினேன். கையிலிருந்த ஸ்பானரைத் தரையில் எறிந்தேன், அது துள்ளி அவன் காலருகே போய் விழுந்தது. அவன் அதை எடுத்து பெஞ்சின்மேல் வைத்தான்.

"மீட்டரு இருக்குதுங்களாக்கா? ஒரே ஒரு தடவ பாத்தர்லாம்."

வெளியே போ என்றேன். போய்விட்டான்.

ஜூலை 27, ஞாயிறு

துணி துவைத்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

ஒர்க்ஷாப் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு நானே அளந்தேன். எஞ்சினைச் சூடேற்றி, பத்து நிமிடம் விட்டு, சாவியைத் திருப்பும்போது பேட்டரியில் பார்த்தால் பதினொன்றரை வோல்ட். அதே நேரம் ஸ்டார்ட்டரில் எட்டே கால். மூன்று வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைகிறது. அரை வோல்ட் போனாலே என்ன ஏது என்று பார்க்கச் சொல்லி மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிறவள் நான்.

காரணம் கண் முன்னால் இருக்கிறது. ஜனவரியில், எடை பின்பக்கம் சேரட்டும் என்று பேட்டரியை டிக்கிக்கு மாற்றினேன். அங்கிருந்து முன்னால்வரை வர வேண்டிய கேபிள் கட்டைவிரல் தடிமன் இருக்க வேண்டும். ஒர்க்ஷாப்பில் கிடந்த மெல்லிய கேபிளை இழுத்து விட்டிருக்கிறேன். எர்த் போல்ட்டைப் பெயிண்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே முறுக்கியிருக்கிறேன். எர்த் கேபிளைப் பிடித்துப் பார்த்தேன், விரல் சுட்டது. உலகத்திலேயே நல்ல ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்து மாட்டினாலும் இந்த வயரில் அது டிக் என்றுதான் சொல்லும்.

அவசரத்தில் செய்துவிட்டேன் என்று எழுத வந்தேன். ஜனவரியில் ஓர் அவசரமும் இல்லை. நான் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு.

ஜூனில் தரணி சொன்னான், சூட்டில் ஸ்டார்ட் ஆகவில்லையென்று. பயிற்சியின்போது ஒரு தடவை, அப்புறம் சாப்பிடும்போது, அப்புறம் போட்டிக்கு முந்தின வாரம். ஆமாம், மூன்று தடவை. மூன்றாவது தடவை நான் சொன்ன பதில் ஞாபகம் இருக்கிறது. "ரேஸ்ல எஞ்சினை அணைய விடாத. அணைய விட்டாத்தான ஸ்டார்ட்டர் வேணும்?" அவன் சிரித்துக்கொண்டு போய்விட்டான்.

இந்த நோட்டில் இதுவரை எழுதியதையெல்லாம் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கேமராவைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். கேமரா நசுங்கியது. உள்ளே இருந்த கார்டு நசுங்கவில்லை. அன்றைக்கே, ஆஸ்பத்திரியில் தரணி ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்தபோதே, வெளியே என் சொந்தக் காரில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். பிறகு பீரோவில் வீட்டுப் பத்திரம் இருக்கும் கவருக்குள் போட்டு வைத்தேன். இன்று மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

கார் சுழன்று நிற்கிறது. முகம் வந்த வழியைப் பார்த்து நிற்பதால் முன்கண்ணாடி வழியாக மேடு தெரிகிறது. மேட்டுக்கு இந்தப் பக்கம் கொடி மேடை தெரிகிறது. கொடி காட்டுபவர் முதுகைக் காட்டி நின்று பக்கத்து ஆளிடம் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார். டிக். தரணியின் கை சாவியில் இருக்கிறது. டிக். டிக். கிளட்சை மிதித்துத்தான் இருக்கிறான், முழங்கால் இறங்குவது தெரிகிறது. "அக்கா, இழுக்க மாட்டீங்குதே," என்கிறான். நான் பக்கத்தில் இருப்பதுபோல. பதினொரு தடவை திருப்புகிறான். நிலோஃபரின் கார் மேட்டின்மேல் தலையைக் காட்டும்போதுகூடக் கொடி மேடையில் கொடி இல்லை. அவள் மேடையைத் தாண்டி வந்த பிறகுதான் அந்த ஆள் திரும்பி அவசரமாகக் கொடியைத் தூக்குகிறார். அவள் பிரேக்கைப் போட்டு, டயர் நான்கும் பூட்டிக்கொண்டு, புகையோடு வருகிறாள். அவளால் அவ்வளவுதான் முடியும். யாராக இருந்தாலும் அவ்வளவுதான் முடியும்.

இதைப் பார்த்த பிறகுதான் அவளை லிப்ட் வாசலில் நிறுத்தினேன். இதைப் பார்த்த பிறகுதான் புகார் எழுதினேன். தரணி கேட்டபோது இருக்கலாம் என்றேன்.

குரூப்பில் இன்றைக்கு யாரோ அவளைக் குருடி என்று எழுதியிருந்தார்கள். கீழே இருபது சிரிப்புப் படம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. அம்மா தேங்காயும் பழமும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தாள். லேப்டாப்பைக் கொண்டுபோய்த் தரணியின் மடியில் வைத்து, பார்த்துவிட்டு என்ன வேண்டுமானாலும் சொல் என்றேன்.

இரண்டு தடவை பார்த்தான். அவன் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் நின்றேன். அந்த டிக் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு கேபிளைப் பற்றிச் சொன்னேன், அளவுகளைச் சொன்னேன், ஜூனில் அவனுக்குச் சொன்ன பதிலைச் சொன்னேன்.

"நாலு வாரமா கிளட்ச மறந்துட்டேன்னு நெனச்சுக்கிட்டே படுத்திருக்கேன்," என்றான். "நாந்தான் என்ற காலை ஒடச்சுக்கிட்டேன்னு. நீ இருக்கலாம்னு சொன்ன."

பயந்துவிட்டேன் என்றேன்.

"எதுக்குப் பயந்த? நான் திட்டீருவேன்னா?"

 அதற்குள் எனக்கே கோபம் வந்துவிட்டது. எட்டு வருடமாக ஒரு போல்ட் தளர விட்டதில்லை, ஒரு தடவை தப்பு நடந்துவிட்டது என்று ஆரம்பித்தேன். அவன் லேப்டாப்பை மூடிவிட்டான்.

"அந்தப் புள்ளகிட்ட எப்பச் சொல்லப் போற?"

இந்த வாரத்தில் என்றேன். சொல்லிவிட்டு வந்து பேசு, அதுவரைக்கும் எனக்குச் சாப்பாடு அம்மா கொடுக்கட்டும் என்றான். குரல் உயரவேயில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கிளப் செயலாளரிடம் பதிவின் நகலையும் ஒரு கடிதத்தையும் கொடுத்தேன். புகாரில் எழுதியது பொய், பதிவு இல்லை என்பதுபோல எழுதியதும் பொய், காரின் குறைக்கு நானே பொறுப்பு என்று எழுதியிருந்தேன். அவர் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொடி காட்டுபவர் சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறவர், நல்ல மனிதர் என்றார். அடுத்த சுற்றுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது, இப்போது இதைக் கிளறினால் கெட்ட பெயர் உங்களுக்குத்தான் என்றார். அந்தப் பெண்ணுக்கு அடுத்த சீசனில் ஏதாவது பார்த்துச் செய்யலாம் என்றார்.

நான் கத்துவதற்கு ஊரில் எத்தனையோ பேர் அகப்பட்டார்கள். கத்த வேண்டிய இடம் இதுதான். மேஜையைத் தட்டி, கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு சீல் போட்டுக் கொடுக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்றேன். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். போட்டுக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 6, புதன்

பாலக்காடு ரோட்டில் நிலோஃபரின் அப்பாவுக்கு டயர்க் கடை இருக்கிறது. அவள் வீல் அலைன்மென்ட் மெஷினில் வேலையாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். உட்காரச் சொல்லவில்லை. போனிலேயே பதிவைக் காட்டினேன். நின்றபடியே பார்த்தாள். கொடி மேடை வரும் இடத்தில் நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி பார்த்தாள்.

"ரெண்டு தடவ கண்ணாஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தேன்," என்றாள். "கொடி காட்டினேன்னு பெரியவங்க எழுதிக் குடுத்துருக்காங்க, எனக்குத் தெரியலைன்னா என் கண்ணுலதான் கோளாறுன்னு. டாக்டர் ஒண்ணுமில்லம்மாங்கறார். திரும்ப ரோட்டுல வண்டி எடுக்கவே பயமாப் போச்சு."

மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"இது உங்ககிட்ட எப்பேருந்து இருக்கு?"

முதல் நாளிலிருந்து என்றேன்.

உள்ளே கல்லாவில் இருந்த அவள் அப்பா எழுந்து வந்தார். அவள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். 

"குரூப்புல என்னைப் பத்தி எழுதுனீங்கள்ல. அங்கயே எழுதுங்க. இந்த வீடியோவையும் போடுங்க. தவறு நடந்துருச்சு, வருந்துறோம்னு எழுதாதீங்க. நீங்க என்ன செஞ்சீங்கன்னு எழுதுங்க."

சரி என்றேன். அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மெஷினுக்குப் போய்விட்டாள். ஒரு காருக்கு அலைன்மென்ட் முடியும்வரை நின்றிருந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலை பதினொரு மணிக்கு எழுதினேன். "நிலோஃபர் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவர் கடந்தபோது கொடி காட்டப்படவில்லை. என் தம்பியின் கார் நகராததற்குக் காரணம் நான் போட்ட தவறான கேபிள். ஜூனில் அவன் மூன்று முறை சொல்லியும் நான் கேட்கவில்லை. இந்தப் பதிவு முதல் நாளிலிருந்து என்னிடம் இருந்தது. கேமராவோடு அதுவும் போய்விட்டதாகப் பொய் சொன்னேன். வசுமதி."

 பத்து நிமிடம் கழித்து ஒருவர்: "இந்தம்மா கட்டின எஞ்சின் எங்க கார்லயும் இருக்குது." அதற்குப் பிறகு வந்ததையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. சாயங்காலத்துக்குள் இரண்டு பேர் வந்து எஞ்சின்களைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவர் எஞ்சினை ஆட்டோவில் ஏற்றும்வரை என் முகத்தைப் பார்க்கவேயில்லை. ஜூலையில் குரூப்பில் எனக்குக் கை தட்டியவர் அவர். கேட்டுவிடலாம் என்று வாய்வரை வந்தது. கேட்க எனக்கு என்ன யோக்கியதை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நிலோஃபரின் தடை நீங்கியது. கொடி காட்டியவரை நீக்கியிருக்கிறார்கள். எங்கள் டீமுக்கு சீசன் முடியும்வரை தடை. எனக்குத் தடை இரண்டு வருடம். ஈரோட்டு ஓட்டுநருக்குச் சொல்லிவிட்டேன்.

கிளப் கடிதத்தில் நடந்ததற்கு "தகவல் பரிமாற்றக் குறைபாடு" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த வார்த்தையைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. பொய் என்று எழுதினால் கை வலிக்குமா?

ஆகஸ்ட் 14, வியாழன்

சபாபதியிடம் போனேன். அன்றைக்கு ஸ்பானர் எறிந்ததும் கத்தியதும் தப்பு என்றேன். விடுங்கக்கா என்றான், ஆனால் சிரிக்கவில்லை. தடித்த கேபிளும், அதன் முனையை அழுத்திப் பிடிக்கும் கருவியும் எடுத்துக் கொடுத்தான்.

கேபிளை மாற்றினேன். பெயிண்டை வெள்ளைத் தகடு தெரியும்வரை சுரண்டி எர்த் கொடுத்தேன், எஞ்சினிலிருந்து பாடிக்கும் தனியாக ஒன்று. எக்ஸாஸ்டுக்கும் ஸ்டார்ட்டருக்கும் நடுவே வெப்பத் தடுப்புத் தகடு. மீட்டர் வைத்தேன். இழப்பு அரை வோல்ட்டுக்கும் கீழே.

சந்தேகம் தீர பழைய ஸ்டார்ட்டரையும் ஒரு தடவை மாட்டிப் பார்த்தேன். சூட்டில் பத்துக்கு ஏழு தடவை இழுத்தது. அந்த நாளில் கேபிள் மட்டும் சரியாக இருந்திருந்தால், பதினொரு தடவையில் ஏதாவது ஒரு தடவை இழுத்திருக்கும். மறுபடி புதியதைப் போட்டேன். இந்த எஞ்சினுக்கு இதுதான் சரியான ஸ்டார்ட்டர். அதில் சந்தேகமில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நான்காவது சுற்று இன்று. நாங்கள் போகவில்லை.

பத்து மணிக்கு ஒர்க்ஷாப் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. தரணி ஊன்றுகோலோடு இறங்கினான். இரண்டு வாரமாக என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவன். டாக்டர் வெளியே போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறாரே என்றேன். காரைச் சூடேற்று என்றான்.

சூடேற்றினேன். அணைத்து, பானெட்டை மூடி, பத்து நிமிடம் காத்திருந்தோம். அவன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். புதுக் கதவு இன்னும் மாட்டவில்லை, கம்பி போட்ட காலை வெளியே நீட்டி ஒரு ஸ்டூலின்மேல் வைத்துக்கொண்டான். சாவியைத் திருப்பினான்.

எடுத்தவுடன் பிடித்துக்கொண்டது. அணைத்தான். மறுபடி திருப்பினான். பத்து நிமிடம் விட்டு மறுபடி. அவனே எண்ணிக்கொண்டிருந்தான். பதினொரு தடவையும் எஞ்சின் முதல் இழுப்பிலேயே எழுந்தது. அவனைவிட நான்தான் ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

சாவியைக் கழற்றி டேஷ்போர்டின்மேல் வைத்தான். 

"இதை ஜூன்லயே பண்ணியிருக்கலாம்," என்றான்.

ஆமாம் என்றேன்.

 ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். தானே எழுந்து, தானே ஆட்டோவரை நடந்து போனான். கூடவே போகலாம் என்று இரண்டடி வைத்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டான்.